பென்டிரைவில் சோர்ஸ் கோடு இருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்

பாவூர்ச்சத்திரம் பக்கம் ஒரு காய்கறிக் கமிஷன் கடை. எடை, பில், பாக்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறார்கள். கல்லாவில் விண்டோஸ், களத்தில் ஆண்ட்ராய்டு போன், பின்னறையில் உபுண்டு சர்வர். மூன்றுக்கும் ஒரே சி++ கோடு. செய்தவர்கள் பெயர் இங்கே வேண்டாம். "எல்லாம் பென்டிரைவுல இருக்கு அண்ணாச்சி, இனி யார வச்சும் மாத்திக்கிடலாம்" என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பில்லின் அடியில் ஒரு வரி மாற்றப் போனபோது குட்டு வெளிப்பட்டது. அவர்கள் எழுதிய சோர்ஸ் கோடு (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூல நிரல்) இருந்தது. அது நம்பி நிற்கும் லைப்ரரிகளோ (பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள்) பில்டு செய்து, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றி முடித்த கோப்புகளாக மட்டுமே கிடந்தன: விண்டோஸுக்கு டிஎல்எல், ஆண்ட்ராய்டுக்கும் உபுண்டுவுக்கும் எஸ்ஓ. எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர் (அப்படி மாற்றித் தரும் கருவி), என்ன ஆப்ஷன் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

முதல் அடி ஆண்ட்ராய்டில். ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ டார்கெட் செய்யும் ஆப்கள் 16 கேபி மெமரி பேஜில் (நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டு) ஓட வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் கூகுள் பிளே விதித்தது. என்டிகே (ஆண்ட்ராய்டுக்கு சி++ பில்டு செய்யும் கருவித்தொகுப்பு) ஆர்28-இல் பில்டு செய்தால் இது தானாகவே அமையும்; பழையதில், பில்டு துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் சோர்ஸ் இல்லாத எஸ்ஓ-வை எதைக் கொண்டு மறுபடி லிங்க் செய்வது? உங்களிடம் இருப்பதைச் சோதிக்க, எஸ்ஓ கோப்பின் உள்ளமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் லோடு செக்மென்ட்களின் (நினைவகத்தில் ஏறும் பகுதிகள்) அலைன்மென்ட்டைப் பாருங்கள். ஹெக்ஸ் எண்ணில் 4000 என்றால் சரி. 1000 என்றால் பழைய 4 கேபி.

விண்டோஸில் கோப்பின் பெயரே காட்டிக்கொடுத்தது. லிப்கிரிப்டோவுக்குப் பக்கத்தில் 1_1 என்றிருந்தால் அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.1 வரிசை. அதில் கடைசியான 1.1.1-க்கு 2023 செப்டம்பர் 11-ஓடு பொதுப் பராமரிப்பு நின்றுவிட்டது. 3-ஆம் வரிசை டிஎல்எல்லைக் கொண்டுவந்து மேலே போட்டால் ஓடாது. பில்டு ஆன கோப்பு அளவில் (ABI) இரண்டும் ஒத்துப்போகாது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் லிப்கர்லையும் (இணையம் வழி தரவு அனுப்பி வாங்கும் லைப்ரரி) சேர்த்தே புதிதாகக் கட்ட வேண்டும்.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரிக்கு மட்டும் சோர்ஸ் இருந்தது, அதிலும் கைவைத்திருந்தார்கள்! இப்படி அமைந்தால், தலைப்புக் கோப்பில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்த்து, அதே பதிப்பின் மூலத்தை இறக்கி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை (டிஃப்) எடுத்துத் தனி பேட்ச் கோப்பாக வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்கிரேடில் அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

சர்வரில் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்ற பிழை. ஜிலிப்சி என்பது உபுண்டுவோடு வரும் அடிப்படை லைப்ரரி. காரணம் எளிது: உபுண்டு 22.04-இல் பில்டு செய்து, 20.04-இல் ஓட்டப் பார்த்திருக்கிறார்கள். ஓட வேண்டியவற்றில் எது பழையதோ அதில்தான் பில்டு செய்ய வேண்டும்.

ஆகவே கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எதுவும் நிறுவாத புது மெஷினில், உங்கள் கண் முன்னே, மூன்று பிளாட்பார்முக்கும் பில்டு செய்து காட்டச் சொல்லுங்கள். லைப்ரரிகளைக் கொண்டுவரும் கருவி விசிபிகேஜி என்றால் மேனிஃபெஸ்டில் (தேவைப் பட்டியல் கோப்பு) பதிப்புகளை நிலைநிறுத்தும் பேஸ்லைன் கமிட் இருக்கிறதா, சிமேக் ஃபெட்ச்கன்டென்ட் என்றால் ஜிட் டேகில் 'மாஸ்டர்' (மாறிக்கொண்டே இருக்கும் கிளை) என்று எழுதாமல், ஒரே ஒரு நிலையைக் குறிக்கும் 40 எழுத்துக் கமிட் ஹாஷ் இருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்டரை நம்பினால் இன்றைய பில்டு ஒன்று, நாளைய பில்டு வேறொன்று. மூலக் கோப்புகளின் நகலும் அவற்றின் எஸ்எச்ஏ-256 எண்ணும் (கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ்) உங்கள் வட்டில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு லைப்ரரிகள் பலவற்றை வைத்திருந்த ஜேசென்டர் தளம் 2021-இல் புதுப் பதிவேற்றத்தை நிறுத்தியபோது எத்தனையோ பேர் திண்டாடினார்கள். (ஹாஷ் பொருந்தினால் கோப்பு மாறவில்லை என்று மட்டும்தான் பொருள். 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீட்டுக் கோப்புகளிலேயே பின்கதவு இருந்தது.)

இந்தக் கடையில் இன்னும் ஒன்று பாக்கி: தராசுக்கான 32-பிட் டிஎல்எல். சோர்ஸும் இல்லை, 64-பிட் பதிப்பும் இல்லை. 64-பிட் புரோகிராமுக்குள் அது ஏறாது. அதை மட்டும் தனியாக ஒரு சின்ன 32-பிட் எக்ஸ்இ-யில் ஓடவிட்டு, எடையை டிசிபி (நெட்வொர்க் இணைப்பு) வழியாக வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறது.