ஓவல் செயின்ரிங்: நல்ல பொருள், ஆனாலும் கழற்றிவிட்டேன்

கோத்தகிரிப் பக்கம் சைக்கிள் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, நீங்க போட்டிருக்கிற ஓவல் ரிங் வாங்கலாமா? ஏத்தத்துல நெஜமாவே வித்தியாசம் தெரியுதா?"

தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. (கிராங்கோடு சுற்றும் முன் பல்சக்கரம்தான் செயின்ரிங். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் ஓவல்.) ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. போன வாரம்தான் அதைக் கழற்றி வைத்தேன். அதனால் இந்தப் பதிலில் பாதி நியாயமும் பாதி எரிச்சலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 29 இஞ்ச் ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள் (எம்டிபி). பின்னால் 11 பல்லிலிருந்து 46 பல் வரை பத்து பல்சக்கரம் உள்ள கேசட், கியர் மாற்றும் டீரெய்லர், அதில் செயின் ஆடாமல் பிடிக்கும் கிளட்ச். முன்னால், பெடல் மாட்டும் கிராங்கில், 104 மில்லிமீட்டர் வட்டத்தில் நாலு போல்ட் (104 பிசிடி என்பார்கள்), அதில் 32 பல் அலுமினிய ஓவல். ஒற்றை ரிங் எம்டிபி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் ரோட்டில், தேயிலைத் தோட்டங்களுக்குள் பிரியும் ஜீப் பாதைகள் நிறைய. (அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.) செம்மண், உருளும் கல், நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த ஓடை. அங்கே 46 பல் கியரில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வந்தாலே பெரிய விஷயம். அந்தக் கியரில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 1.6 மீட்டர்தான் நகரும், அதாவது நிமிடத்துக்கு 50 சுற்றுச் சொச்சம். அவ்வளவு மெதுவாக மிதிக்கும்போது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் இரண்டு காலுக்கும் வேலையில்லாத ஒரு இடம் வரும். கிணற்றில் கை மாற்றிக் கயிறு இழுக்கும்போது வாளி ஒரு கணம் தயங்குமே, அது மாதிரி. டெட் ஸ்பாட் என்பார்கள். அதைத் தாண்டியதும் கால் மொத்த பலத்தையும் ஒரேயடியாக இறக்கும், பின்சக்கரம் கல்லை வாரிவிட்டு வழுக்கும், கால் தரையில் ஊன்றிவிடும். அதோடு அந்த ஏற்றம் போச்சு. செங்குத்தான இடத்தில் மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஓவல் இந்த ஒரு இடத்தில்தான் பிரமாதமாக வேலை செய்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது ஒரு பக்கம். அந்த அழுத்தம் செயினில் எவ்வளவு இழுவையாகப் போகிறது என்பது ரிங்கின் ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் பெரிதானால் இழுவை குறையும், சிறிதானால் கூடும். கிராங்க் படுத்திருக்கும்போது, கால் முழு பலத்தோடு மிதிக்கும் நேரத்தில், 32 பல் ஓவல் கிட்டத்தட்ட 34 பல் ரிங் மாதிரி நடந்துகொள்ளும். கிராங்க் செங்குத்தாக நிற்கும் டெட் ஸ்பாட்டில் 30 பல் மாதிரி. காலுக்குப் பலம் இருக்கும்போது பாரம் கூடுகிறது, இல்லாதபோது குறைகிறது. அதே மிதிக்கு, செயினின் உச்ச இழுவை ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. கேட்டால் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். ஈரக் கல்லின் மேல் டயர் பிடிக்குமா விடுமா என்று நிற்கும் இடத்தில், அந்த 6 சதவீதத்தில்தான் நாம் ஏறுவதும் இறங்கித் தள்ளுவதும் இருக்கிறது. முன்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போன வளைவுகளை இந்த ரிங் போட்ட பிறகு உட்கார்ந்தபடியே தாண்டியிருக்கிறேன். என் கால் பலம் கூடிவிடவில்லை. சக்கரம் வழுக்குவது குறைந்தது, அவ்வளவுதான்.

சமதளத்தில் ஒரு மண்ணும் தெரியாது. மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி ரோட்டில் நிமிடத்துக்கு 85, 90 சுற்று மிதித்துக்கொண்டு போகும்போது காலின் வேகமே டெட் ஸ்பாட்டைத் தாண்ட வைத்துவிடுகிறது. இறக்கத்தில் பேச்சே இல்லை. இதைப் போட்டால் வேகம் கூடும், சக்தி கூடும் என்று விளம்பரத்தில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வகச் சோதனைகள் அதை உறுதியாக நிரூபித்துவிடவில்லை. பிராட்லி விக்கின்ஸ் 2012 டூர் டி பிரான்ஸை ஓசிமெட்ரிக் என்ற வட்டமல்லாத ரிங்கோடு ஜெயித்தார், உண்மைதான். அவர் வட்ட ரிங்கிலும் நம்மைவிட வேகமாகத்தான் போவார். பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மீட்டர்கள், ஒரு சுற்று முழுக்கக் கிராங்க் ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். ஓவலில் அந்த வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பூரித்துப் போகாதீர்கள்.

பழைய ஆட்கள் ஓவல் என்றாலே முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் ஷிமானோ கம்பெனியின் பயோபேஸ் என்ற வட்டமல்லாத ரிங். 1983-ல் வந்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காணாமல் போனது. அதில் எல்லாம் தலைகீழ்: கிராங்க் படுத்திருக்கும்போது ஆரம் சிறியது, நிற்கும்போது பெரியது. அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். ஆனால் கடைசியில் நிலைத்தது முட்டி வலிக்கிறது என்ற புகார்தான். இந்தத் தலைகீழ் சமாசாரத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே வருகிறது. இன்னொரு தொல்லை, முன்னால் ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குச் செயினை மாற்றும் ஃப்ரண்ட் டீரெய்லர். ரிங்கின் உயரமான பக்கத்துக்கு அதைச் செட் செய்தால் தாழ்வான பக்கத்தில் இடைவெளி விழும், கியர் ஒழுங்காக மாறாது. 2012-ல் ஸ்ராம் கம்பெனியின் எக்ஸ்எக்ஸ்1 கியர் செட் வந்து, செயின் கழலாமல் இருக்க ஒரு பல் தடிமன், அடுத்த பல் மெல்லிசு என்று செய்து, முன்னால் ஒரே ரிங் போதும் என்று ஆக்கியது. ஃப்ரண்ட் டீரெய்லர் ஒழிந்ததும்தான் எம்டிபியில் ஓவலுக்கு மறுபடி வாழ்வு வந்தது.

"செயின் தளர்ந்து இறுகி ஆடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரிங்கின் பாதிச் சுற்றில் எப்போதும் செயின் சுற்றியிருக்கிறது. மேல்கீழாகப் பெரிதானால் முன்பின்னாகச் சிறிதாகிவிடும். அதனால் செயினின் நீளத் தேவை பெரிதாக மாறுவதில்லை. டீரெய்லர் லேசாகத் தலையாட்டும், அவ்வளவுதான். எனக்கு ஒரு தடவைகூடச் செயின் கழன்றதில்லை. ஆனால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பெடலைச் சுற்றினால் மேல் செயின் ஏறி ஏறி இறங்கும். பார்க்கிறவர்கள் விடமாட்டார்கள். பஞ்சர் கடை, டீக்கடை, பெட்ரோல் பங்க், எங்கே நிறுத்தினாலும் "சார், உங்க பல்சக்கரம் கோணிப்போச்சுங்க" என்று யாராவது வந்துவிடுவார்கள். அக்கறையில் சொல்கிறார்கள், கோபப்பட முடியாது. ஒருவர் ஸ்பேனரோடே வந்தார்.

வேறு வண்டி ஓட்டினால் இன்னொரு விசித்திரம். ஓவலுக்குப் பழகிய காலுக்கு வட்ட ரிங் சதுரமாகத் தெரியும். வீட்டில் இருக்கும் இன்னொரு சைக்கிளில் ஏறியதும் பெடல் எங்கோ முட்டி நிற்பது மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் போனால் சரியாகிவிடும். மறுபடி இதில் ஏறும்போது எந்தச் சிரமமும் இல்லை.

சரி, எரிச்சலுக்கு வருவோம்.

வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிச் சரிவில் வண்டி ஓட்டினால் சேறும் மணலும் எண்ணெயும் சேர்ந்து செயினில் அரைத்துக்கொண்டே வரும். வண்டியோடு வந்த இரும்பு ரிங் தாங்கிய அளவுக்கு அலுமினிய ரிங் தாங்கவில்லை. அதுவும் சுற்றிலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கால் அழுத்தி மிதிக்கும் நேரத்தில் மேலே வருகிற பல்லுக்குத்தான் பாரம் எல்லாம். வலது காலுக்கு ஒரு பகுதி, இடது காலுக்கு நேர் எதிரே ஒரு பகுதி. அந்த இரண்டு இடத்தில் பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போட்டுவிட்டது, நடுவில் இருக்கும் பற்கள் புதுசு மாதிரி மினுங்குகின்றன.

பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுற்றும் பேரிங்) மாற்ற வண்டியை ஒரு கடையில் விட்டேன். திரும்பி வந்தபின் வண்டி என் வண்டியாக இல்லை. தெரிந்த ஏற்றத்திலேயே சக்கரம் வழுக்கியது. பெடல் உச்சியில் கால் ஒட்டிக்கொண்டது. இறங்கி டயர் காற்றுப் பார்த்தேன், பிரேக் உரசுகிறதா என்று பார்த்தேன், சீட் உயரம் அளந்தேன். எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து படியேறும்போது முட்டி இரண்டும் வலித்தன. செயினைத் துடைக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. செயின் கழன்றால் ரிங்குக்கும் கிராங்க் கைக்கும் நடுவில் சிக்காமல் தடுக்க ரிங்கில் ஒரு சின்னக் குச்சி இருக்கும். அது கிராங்க் கைக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும். கால்வாசிச் சுற்றுத் தள்ளி நின்றது.

கடைக்காரரைக் கேட்டேன். மனுஷர் கொஞ்சமும் தயங்கவில்லை. "பல்லு ஒரே எடத்துல தேஞ்சிருந்துச்சுங்க. அதான் திருப்பிப் போட்டேன், இன்னும் கொஞ்ச நாள் ஓடுமுங்க" என்றார். வட்ட ரிங் என்றால் அவர் செய்தது மெச்ச வேண்டிய வேலை. நாலு போல்ட் ரிங்கைக் கால்வாசிச் சுற்றுத் திருப்பினால் தேயாத பல்லுக்குப் பாரம் போகும், ஆயுள் கூடும். நல்ல மெக்கானிக்குகள் சொல்லாமலே செய்து தருவார்கள். ஓவலில் அதே வேலையைச் செய்தால் பெரிய ஆரம் டெட் ஸ்பாட்டுக்கும் சிறிய ஆரம் பலமான மிதிக்கும் போய்விடும். காசு கொடுத்து என் வண்டியில் பயோபேஸை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் கடைக்காரர் மேல்கூட அவ்வளவாக இல்லை, இந்தப் பொருளின் மேல்தான். எந்தப் பக்கம் போட வேண்டும் என்பதுதான் இதன் உயிர். அதைத் தப்பாகப் போட முடியாதபடி செய்ய இந்த 104 பிசிடி நாலு போல்ட்டில் எந்த வழியும் இல்லை. எந்தப் பக்கம் வைத்தாலும் போல்ட் அழகாக உட்காரும். தேய்வைப் பகிர்ந்துகொடுக்கவும் வழியில்லை. அரைச் சுற்றுத் திருப்பலாம். எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருப்பதால் திருப்பியும் ஒரு பலனும் கிடையாது. பாதிப் பல் புதுசாக இருக்கும்போதே ரிங்கைத் தூக்கிப் போட வேண்டும். நல்ல கம்பெனி ஓவல் ஒன்றின் விலைக்கு எத்தனை வட்ட ரிங் வரும் என்று நீங்களே கடையில் கேட்டுப் பாருங்கள், நான் சொன்னால் வயிறு எரியும்.

சரியான இடத்துக்கு மாற்றிப் போட்டு, புதுச் செயினும் போட்டேன். கொக்கி விழுந்த பல் புதுச் செயினைக் கீழே விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு மேலே இழுத்துப் போனது. அதோடு கழற்றிவிட்டேன். இப்போது பழைய இரும்பு வட்ட ரிங்தான். ஏற்றத்தில் உதைக்கிறது, வழுக்குகிறது, கோடநாடு பாதையின் அந்த வளைவில் மறுபடி தள்ளிக்கொண்டு போகிறேன். ஆனால் எந்தக் கடையிலும் நிம்மதியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

தம்பிக்குப் பதில்: உங்கள் கிராங்கும் இதே 104 நாலு போல்ட்தான், வாங்காதீர்கள். டைரக்ட் மவுண்ட் கிராங்க் (ரிங் நேராகக் கிராங்கின் நடுவில் மாட்டுவது) என்றால் பெரும்பாலும் ரிங் ஒரே நிலையில்தான் உட்காரும், யாரும் திருப்ப முடியாது. அதில் என்னைக் கேட்காமலே வாங்கலாம், இப்போது ஓட்டும் அதே பல் எண்ணிக்கையிலேயே. ஒன்று மட்டும் அளந்து பாருங்கள்: 32 ஓவலுக்குச் செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) பக்கத்தில் 34 வட்டத்துக்கு வேண்டிய இடம் வேண்டும், சேற்றுக்கு அதற்கு மேலும் வேண்டும். இவ்வளவு சொல்லியும் நாலு போல்ட்டிலேயே போட்டே தீருவேன் என்றால், கிராங்க் கையிலிருந்து ரிங் வரைக்கும் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். "திருப்பாதீங்க" என்று ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுத்தான் கடைக்கு அனுப்ப வேண்டும்.