ஃபாண்ட் வாங்குபவர்கள் கவனத்துக்கு: இலவச எழுத்துருவைப் பெயர் மாற்றி விற்கிறார்கள்

டிசைன் வேலையில் இருப்பவர்களும் கடைக்கு போர்டு வைக்கப்போகிறவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள்.

ஒரு ஜவுளிக்கடையின் ஆங்கிலப் பெயர்ப்பலகைக்காக, இணையத்தில் தடித்த ஜியோமெட்ரிக் சான்ஸ் (வட்டம், நேர்கோடு போன்ற வடிவங்களில் அமைந்த, முனைக்குஞ்சம் இல்லாத) எழுத்துரு ஒன்றை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். முற்றிலும் புதிய வடிவமைப்பு, வணிக லைசன்ஸ் உண்டு என்று போட்டிருந்தார்கள். மாதிரிப் படங்களும் பளிச்சென்று இருந்தன.

அக்ரிலிக் வெட்டும் இடத்துக்கு ஃபைல் போனதும் சாயம் வெளுத்தது. எழுத்தின் கோடுகள் சேரும் இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பாதைகளை (எழுத்தின் விளிம்புக் கோடுகளை) இணைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நிறம் நிரப்பிப் பார்த்தால் அது தெரியாது. கணினி சொல்படி வெட்டும் சிஎன்சி இயந்திரத்துக்கு எல்லாமே வெட்டவேண்டிய கோடுதான். "சார், ஆர் எழுத்தோட கால் தனியா கழண்டு வருது" என்று போன் வந்தது. வீணான ஷீட்டுக்கும் நான்தான் பணம் கட்டினேன்.

அப்புறம் எழுத்துருவை ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு திருத்தும் மென்பொருளில் திறந்து பார்த்தேன். பெயர் மட்டும் புதிது. ஃபைலுக்குள் இருக்கும் பதிப்புரிமைக் குறிப்பில் மான்செராட் என்றே இருந்தது. அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரெஸில் அந்தப் பெயருள்ள பழைய பகுதியின் சுவரொட்டிகளையும் பெயர்ப்பலகைகளையும் பார்த்து ஹூலியெட்டா உலனோவ்ஸ்கி உருவாக்கிய எழுத்துரு அது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குள்ள ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸ்படி அதை வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், மாற்றவும் செய்யலாம். ஆனால் எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. மாற்றியதையும் அதே லைசன்ஸில்தான் வெளியிட வேண்டும்.

எனக்கு விற்றவர்கள் சொந்தமாகச் சேர்த்தது 'அல்ட்ரா' என்ற ஒரு கூடுதல் தடிமன். அதுவும் மான்செராட்டின் மிகத் தடித்த வகையான பிளாக்கைச் சுற்றிலும் ஒரே அளவுக்கு ஊதிவிட்டது. தடித்த எழுத்தை அப்படிச் செய்ய முடியாது. 1927-ல் வந்த பால் ரென்னரின் ஃப்யூச்சுரா என்ற எழுத்துரு காம்பஸால் போட்ட மாதிரி தெரிந்தாலும், அதிலேயே கோடுகள் கண்ணுக்கேற்பத் திருத்தப்பட்டவைதான். தடிமன் ஏற ஏறக் கிடைக்கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்க வேண்டும், வளைவு தண்டில் (நிமிர்ந்த கோட்டில்) சேரும் இடத்தை இளைக்க வைக்க வேண்டும். பொறுமையான கைவேலை அது. அதைச் செய்யாததால் இதில் ஆங்கிலச் சின்ன e-யின் உள்ளே இருக்கும் கண்ணே அடைத்துப்போய், தள்ளி நின்று பார்த்தால் வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரிகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது என்று ஒரே வரியில் பதில். பதிப்புரிமைக் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. எழுத்துரு இன்னமும் விற்பனையில் இருக்கிறது. வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.

உருவாக்கியவர் பெயரே இல்லாமல் விற்கும் எழுத்துருவுக்குக் காசு கொடுக்காதீர்கள். மாதிரிப் படத்தை மான்செராட், பாப்பின்ஸ் போன்ற இலவச எழுத்துருக்களின்மேல் வைத்துப் பாருங்கள்; காப்பி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். வெட்டக் கொடுப்பதற்கு முன்னால் அவுட்லைன் பார்வையில் (நிறம் இல்லாமல் கோடுகள் மட்டும் தெரியும்படி) ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். போர்டில் தமிழும் வர வேண்டுமா? பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய கேட்டமரான் எழுத்துரு இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே, ஒன்பது தடிமன்களில், இலவசமாக.