டிப்ளமோவுக்கு அப்புறம் பட்டம்: மாலை வகுப்பா, நேரடி இரண்டாம் ஆண்டா, அஞ்சல்வழியா?

"மாமா, வேலையை உட்டுட்டுக் காலேஜ் சேர்ந்துக்கட்டுங்களா?"

அக்கா மகன் போன மாதம் கேட்ட கேள்வி. வயது 22. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோவை கணபதி பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை. பிடித்தம் போகக் கைக்கு 18,000 ரூபாய் வருகிறது. ஷிப்ட் வாரா வாரம் மாறும். அப்பா தறி ஓட்டுகிறார், தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். இந்த ஊரில் இப்படி ஆயிரம் பையன்கள் இருக்கிறார்கள். 2009இல் நானும் அப்படித்தான் இருந்தேன். வேலையை விடாமல் மாலைக் கல்லூரியில் சேர்ந்து பி.இ. முடித்தேன். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருவன் வேலையை விட்டுவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். இன்னொருவன் அஞ்சல்வழியில் பி.காம். படித்தான். மூன்று வழியையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு கதவுகள் மூடப்பட்டுவிட்டன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் யாராவது ஒருவர் அதைக் காட்டி ஆசை காட்டுகிறார். ஒன்று, இந்தியப் பொறியாளர் கழகம் (Institution of Engineers) நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வு. எங்கள் சீனியர்கள் பலர் அதை எழுதித்தான் என்ஜினியர் ஆனார்கள். ஆனால் 2013 மே 31க்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அதைப் பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்கிறது. இரண்டாவது, அஞ்சல்வழி பி.டெக். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கொடுத்த அந்தப் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பிடி பிடித்தது. பொறியியலை அஞ்சல்வழியில் நடத்த அனுமதி இல்லை. "வாரம் ஒருநாள் வந்தால் போதும், பி.டெக். சர்டிபிகேட் கையில்" என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிடவும்.

மிச்சமிருப்பது மூன்று.

வேலையை விட்டு, நேரடி இரண்டாம் ஆண்டு

லேட்டரல் என்ட்ரி. கலந்தாய்வு வழியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆறு செமஸ்டர், மூன்று வருடம். பட்டத்தில் 'முழுநேரம்' என்று இருக்கும். அந்த ஒரு சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது வேலை விளம்பரங்களை உட்கார்ந்து படித்தால்தான் தெரியும். பல பொதுத்துறை நிறுவனங்கள் பயிற்சிப் பொறியாளருக்கு 'முழுநேரப் பட்டம்' என்று எழுதியே கேட்கின்றன. பெரிய ஐ.டி. கம்பெனிகள் பலவும் அப்படித்தான்.

செலவைக் கணக்குப் பார்ப்போம். ஃபீஸ் எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அரசுக் கல்லூரி கிடைத்தால் ஃபீஸ் ஒரு பொருட்டே இல்லை. உண்மையான செலவு வராமல் போகும் சம்பளம். மாதம் 18,000 வீதம் 36 மாதத்துக்கு 6,48,000 ரூபாய். இதைத் தறி ஓட்டும் அப்பா தாங்குவாரா என்பதுதான் கேள்வி. கல்விக்கடன் வாங்கலாம்; 4 லட்சம்வரை பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும், சொத்து அடமானம் வேண்டாம். ஆனால் கடன் கட்டணத்துக்குத்தான் ஆகும், வீட்டு மளிகைக்கு ஆகாது.

கூடவே யாரும் சொல்லாத ஒன்று: கணக்குப் பாடம். பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் முதல் ஆண்டில் இரண்டு கணக்குப் பேப்பர் எழுதிப் பழகியிருப்பார்கள். டிப்ளமோ பையன் நேராக மூன்றாம் செமஸ்டரில் போய் உட்கார்ந்ததும் ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும் எதிரில் நிற்கும். என் நண்பனுக்கு முதல் அரியர் அங்கேதான் விழுந்தது. லேப்பில் அவன்தான் ராஜா. லேத்தில் அவன் கை போகும் வேகத்தைப் பார்க்கப் பக்கத்து பேட்ச் பையன்கள் வருவார்களாம். கணக்கில் மட்டும் நாலு முறை எழுதினான்.

படித்து முடித்து 25 வயதில் வெளியே வந்தால் அவன் மறுபடியும் ஃபிரெஷர். முந்தைய இரண்டு வருட அனுபவத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் கணக்கில் எடுப்பதில்லை. முதல் சம்பளம் விட்டுவந்த சம்பளத்தைவிடப் பெரிதாக ஒன்றும் கூடாது. என் நண்பனுக்கு அந்த முதல் இரண்டு வருடம் கசப்பாகத்தான் போனது. அப்புறம் டிசைன் பக்கம் நகர்ந்தான். இன்று எங்கள் மூவரில் அதிகச் சம்பளம் வாங்குபவன் அவன்தான்.

வேலையோடு மாலை வகுப்பு

தடாகம் சாலையில் ஜி.சி.டி., பீளமேட்டில் சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. டெக் என்று பொறியியல் கல்லூரிகள் இருக்கும் இந்த ஊருக்குப் பகுதிநேர பி.இ. பழக்கப்பட்ட விஷயம். பட்டறைகளும் மில்களும் ஃபவுண்டரிகளும் நிறைந்த ஊரில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மொத்தம் ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம். 2023 முதல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 'பணிபுரிவோருக்கான' பி.இ. என்று வேலை நேரத்துக்கு ஏற்ப வகுப்பு நடத்தவும் அனுமதி தருகிறது. எந்தக் கல்லூரியில் எது நடக்கிறது என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாரத்தில் ஐந்து மாலை, தினமும் மூன்று மணி நேரம், செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வைத்தால் 225 மணி நேரம். ஏழு செமஸ்டருக்கு 1,575 மணி நேரம். போக்குவரத்தும் தேர்வுக்குப் படிப்பதும் இதில் சேரவில்லை. சம்பளம் ஒரு ரூபாய் குறையாது. குறைவது இந்த மணி நேரம்தான். அது என்னுடையது என்றுதான் சேரும்போது நினைத்தேன்.

ஐந்தாவது செமஸ்டரில் மகள் பிறந்தாள். காலையில் நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். இரவு பத்து மணிக்கு வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். எட்டு மாதம்வரை என்னைக் கண்டாலே அழுவாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற யாரோ ஓர் ஆள் என்று. அந்த மூன்றரை வருடத்தில் பாதிப் படிப்பை என் மனைவியும் மாமியாரும்தான் முடித்தார்கள். பட்டத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

வகுப்பு எப்படி இருக்கும்? பகல் கல்லூரியில் கிடைக்காத ஒரு கூட்டம் அங்கே இருக்கும். எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர் 41 வயது சூப்பர்வைசர், அந்தப் பக்கம் 23 வயது ஆபரேட்டர். உலோகவியல் வகுப்பில் ஆசிரியர் வார்ப்பிரும்பைப் பற்றி ஏதோ சொல்ல, பின்வரிசையிலிருந்து ஃபர்னஸில் பதினைந்து வருடம் நின்ற ஒருவர், "அது புக்குல சரிங்க சார், ஆனா வெயில் காலத்துல மணல்ல ஈரம் நிக்காதுங்க" என்று ஆரம்பித்தார். அன்று முழு வகுப்பும் அவர்தான் எடுத்தார். ஆசிரியர் நோட்டில் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். வேலை மாற்றும்போது எனக்குக் கைகொடுத்தது அந்த வகுப்பில் கிடைத்த பழக்கங்கள்தான். மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்கவில்லை.

இதற்கு எதிரி ஷிப்ட். மாலை வகுப்புக்கு ஜெனரல் ஷிப்டோ முதல் ஷிப்டோ இருந்தால் பிழைக்கலாம். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து என்றால் கதை முடிந்தது. நான் சேர்ந்தபோது "ஷிப்ட் பார்த்துக்கறோம்" என்று கம்பெனியில் சொன்னார்கள். மூன்றாவது செமஸ்டரில் மேனேஜர் மாறினார், வாக்கும் மாறியது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அந்த செமஸ்டர் முழுக்க நைட் ஷிப்டை நானே கேட்டு வாங்கி, காலையில் தூங்கி, மாலையில் வகுப்புக்குப் போய், அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போனேன். செய்யக் கூடாத காரியம். ஒருநாள் அவிநாசி சாலை சிக்னலில் பைக்கில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிட்டது. பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து எழுப்பினார்.

பட்டம் வாங்கினால் பதவி தானாக உயரும் என்பதும் பொய். பல கம்பெனிகளில் டிப்ளமோவாக உள்ளே வந்தவர் டிப்ளமோ கிரேடிலேயே இருப்பார், பி.இ. சான்றிதழைக் கொடுத்தால் கோப்பில் சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆக, சேரும் முன்பே எச்.ஆரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். படித்து முடித்தால் கிரேடு மாறுமா? மூன்றரை வருடமும் எனக்கு எந்த ஷிப்ட்? இரண்டாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். கிரேடு மாறாது என்று தெரிந்தால் படிப்பு முடிந்த கையோடு வேலை மாற மனதைத் தயார் செய்துகொள்ளலாம். மாறும் முன் ஒன்று: நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து முடிந்தால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை). நாலரை வருடத்தில் அவசரப்பட்டு ராஜினாமா எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு இந்தக் கணக்கே வேறு. எங்கள் வகுப்பில் நாற்பத்து சொச்சம் பேரில் பெண்கள் மூன்று பேர். அறிவிலோ ஆசையிலோ குறை இல்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் வீடு போய்ச் சேரும் வழிதான் குறை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது, நல்லதுதான். அந்த நேரத்தில் ஊர்ப்பக்கம் பஸ் இருக்க வேண்டுமே. மூவரில் ஒருவருக்கு அண்ணன் தினமும் பைக்கில் வந்து காத்திருப்பார். அவர் ஊரை விட்டு வேலைக்குப் போனதும் இந்தப் பெண்ணும் நின்றுவிட்டார்.

அஞ்சல்வழி

இதில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல், சென்னை சைதாப்பேட்டையில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல். ஷிப்ட் பிரச்சினை இல்லை, ஃபீஸ் குறைவு. இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம்வரை இழுக்கலாம். குழந்தை பிறந்தாலும் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றாலும் ஒரு ஜூன் தேர்வை விட்டுவிட்டு டிசம்பரில் எழுதலாம்.

ஆனால் கிடைப்பது பி.இ. இல்லை, பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. மாதிரிதான். குரூப் 2, குரூப் 1, வங்கித் தேர்வு என்று 'ஏதாவது ஒரு பட்டம்' கேட்கும் இடத்துக்கு, யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ந்தால், இதுவே போதும். லேத் முன்னால் நிற்கும் பையனுக்கு அந்தத் தொழிலில் மேலே போக இது உதவாது. குரூப் 4க்காகவா? அதற்குப் பத்தாம் வகுப்பே போதும், மூன்று வருடத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொரு சங்கடம், கேட்க ஆள் இல்லை. பல படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 சதவீத மதிப்பெண். கையால் எழுதி உரிய தேதிக்குள் கொடுக்க வேண்டும். கடைசி வாரம்வரை அந்தப் புத்தகக் கட்டு அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும். என் மூன்றாவது நண்பன் மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தான். பிறகு எழுதிய ஒரு தேர்வில் தேறி இப்போது அரசு அலுவலகத்தில் இருக்கிறான். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வீட்டில் காபி குடிக்கிறான். அதைப் பார்த்து எனக்கு அவ்வப்போது பொறாமை வருவதை மறைக்கவில்லை.

சரி, மருமகனுக்கு என்ன சொன்னேன்?

"கண்ணு, வீட்டுல மூணு வருசம் உன் சம்பளம் இல்லாம ஓடுமா?" என்று கேட்டேன். ஓடாது என்றான். தங்கை அடுத்த வருடம் கல்லூரி சேர வேண்டும். ஓடும் என்றிருந்தால் யோசிக்காமல் வேலையை விடச் சொல்லியிருப்பேன். 22 வயதில் முழுநேரப் படிப்புக்கு ஈடு எதுவும் இல்லை. வேலையையும் முழுநேரக் கல்லூரியையும் ஒன்றாகச் சமாளிக்கிறேன், இரவில் ஓ.டி. பார்க்கிறேன் என்று கிளம்புவதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நைட் ஷிப்ட் செமஸ்டரை அனுபவித்தவன் நான்.

அரசு வேலை ஆசை உண்டா என்றேன். இல்லை, மெஷின்தான் பிடிக்கும் என்றான். அப்போது அஞ்சல்வழியும் போயிற்று. மாலை வகுப்பு மிச்சம். கல்யாணத்துக்கு முன்னால், இப்போதே. நான் செய்த மாதிரி பின்னால் செய்யாதே என்று சொன்னேன்.

திங்கட்கிழமை எச்.ஆரைப் பார்த்திருக்கிறான். புரொடக்ஷனில் ஷிப்டை நிரந்தரமாக மாற்ற முடியாதாம். குவாலிட்டியில் ஒரு இடம் காலியாகப் போகிறது, அது ஜெனரல் ஷிப்ட், ஆனால் ஓ.டி. இருக்காது, மாதம் மூவாயிரம் குறையும். அதை எடுத்துக்கொள் என்றேன்.

அக்காவுக்குத்தான் மனசே இல்லை. மூன்றரை வருடம் என்றால் பையனுக்கு இருபத்தாறு ஆகிவிடும், பெண் பார்ப்பது எப்போது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நேற்றுக் காலை அவளே போன் செய்தாள்.

"தம்பி, ஜோசியரைப் பாத்துட்டு வந்தேன். இருபத்தாறு முடிஞ்சாத்தான் குரு பலனாம். படிக்கட்டும் போ."