வெண்ணெய் மாதிரி டிரிகர்

குறைந்த விலையில் குளோன் பிஸ்டல் (பெயர்பெற்ற ஒரு மாடலைப் பார்த்து வேறு கம்பெனி செய்வது) தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய '1911' மாடல் குளோன், போன சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரே அழுத்தத்துக்கு இரண்டு முறை வெடித்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதல் தோட்டா அட்டையில் பட்டது. இரண்டாவது அட்டைக்கு மேலே போய் மண்மேட்டில் புதைந்தது. பக்கத்து லேனில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. வேகமாகச் சுட்டுக் காட்டுகிறான் என்று நினைத்திருப்பார். ரேஞ்ச் ஆபீசர் வந்தார், மேகசினைக் கழற்றச் சொன்னார், ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பாகத்தை, பின்னால் பூட்டச் சொன்னார். தோட்டா உட்காரும் சேம்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதை இனிமே இங்க சுடாதீங்க, முதல்ல பிரிச்சுக் காட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

குளோன் என்றாலே மட்டம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த அசல் பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்டது. 1985-ல்தான் அது இத்தாலியின் பெரெட்டா பிஸ்டலுக்கு வழிவிட்டது. அதன் காப்புரிமை காலாவதியாகிப் பல தலைமுறை ஆயிற்று, இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கார், துருக்கியின் டிசாஸ் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள், பலரும் வாங்கி நிம்மதியாகச் சுடுகிறார்கள். செக் நாட்டு சி.இசட். 75 பிஸ்டலை அடியொற்றி இத்தாலியின் டான்ஃபோலியோ செய்த பிஸ்டல்கள் ஐ.பி.எஸ்.சி. என்ற துப்பாக்கி சுடும் அமைப்பின் உலகப் போட்டிகளிலேயே ஜெயித்திருக்கின்றன. என் கோபம் குளோன் மேல் இல்லை, எனக்கு அதை விற்றவர் மேல்தான்.

கடையில் நடந்தது இது. "ஒருத்தர் வாங்கி ஆசைக்கு 200 ரவுண்டு சுட்டுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார் சார், புதுசு மாதிரிதான். டிரிகர் பாருங்க, வெண்ணெய்" என்றார். காலி பிஸ்டலில் அழுத்திப் பார்த்தேன். நிஜமாகவே வெண்ணெய். பெட்டியிலிருந்து எடுத்த புது மலிவு 1911-ல் டிரிகரை அழுத்த சாதாரணமாக 5 பவுண்டுக்கு மேலே விசை வேண்டும், கொஞ்சம் கரகரக்கும். இது விரல் வைத்ததும் விழுந்தது. இந்த விலைக்கு இவ்வளவு லேசான டிரிகர் எப்படி வந்தது என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் பிரிப்பதற்கு முன்னால், சேம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஹாமரை, அதாவது பின்னால் இருக்கும் அடிக்கிற சுத்தியை, இழுத்து நிறுத்தினார். டிரிகர் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. பெருவிரலால் ஹாமரின் பின்பக்கத்தை முன்னோக்கி லேசாகத் தள்ளினார். டொக். விழுந்துவிட்டது. "இதைத்தான் தம்பி கையில வெச்சுக்கிட்டுச் சுட்டிருக்கீங்க" என்றார்.

பிரித்ததும் எல்லாம் தெரிந்தது. டிரிகரை அழுத்தும்வரை ஹாமரை விழாமல் பிடித்து நிறுத்துகிற சின்ன பாகம்தான் சியர். ஹாமரில் அந்த சியர் பிடிக்கும் கொக்கிகள் இரண்டு உண்டு. ஒன்று மற்றதைவிடக் குட்டையாக இருந்தது. சுற்றிலும் கருப்பு, அந்த விளிம்பு மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரம் ஓடிய கோடுகள். யாரோ வீட்டில் உட்கார்ந்து டிரிகரை லேசாக்குகிறேன் என்று தேய்த்திருக்கிறார். மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட பாகமாக இருந்தால் அந்தத் தோல் அரத்தோடு போய்விடும், உள்ளே இருக்கிற மெத்தென்ற இரும்பு ஒவ்வொரு ரவுண்டுக்கும் தேயும் என்றார் பெரியவர். வாங்கிய அன்றைக்கு ஒழுங்காகச் சுட்டது ஏன் மூன்றாம் வாரம் இப்படி ஆனது என்பதற்கு எனக்குப் பதில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த சீரியல் எண் வேறு, பிஸ்டலில் இருந்த எண் வேறு. 'புதுசு மாதிரி' என்பதற்கு அந்தப் பெட்டிதான் ஒரே சாட்சியாக இருந்தது, அதுவும் இரவல்.

கடைக்காரரிடம் போனேன். முதல் கேள்வியே, "வீட்ல கழற்றினீங்களா?" சுத்தம் செய்யக் கழற்றினேன் என்றேன். "அப்ப எங்க பொறுப்பு இல்ல சார்." சுட்ட பிஸ்டலைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் எவன் வைத்திருப்பான்?

இன்னொரு பொய்யையும் சொல்லியே ஆக வேண்டும். "1911 பார்ட்ஸ் எதுவா இருந்தாலும் அப்படியே பொருந்தும்" என்றார். பொருந்தும்தான், ஆனால் அப்படியே பொருந்தாது. ஹாமரும் சியரும் ஒன்றோடொன்று இழைக்கப்பட வேண்டும். தவறிச் சுடாமல் பூட்டுகிற சேஃப்டி லீவரைப் புதிதாகப் போட்டால் அதையும் அந்த சியருக்கு ஏற்ப உட்கார வைக்க வேண்டும். அதற்கெல்லாம் கூலி உண்டு. பார்வைக்கு மட்டும் 1911 ஆக இருப்பவையும் உண்டு: ஸ்பெயினின் பழைய ஸ்டார் மாடல் பி-யைத் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி என்பீர்கள், ஆனால் அதில் கிரிப் சேஃப்டியே (கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் சுட விடும் பூட்டு) கிடையாது, எக்ஸ்டிராக்டரும் (சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) வெளிப்பக்கம். அதையும் குளோன் என்றே விற்பார்கள். உதிரி பாகத்துக்கு அலைவது நீங்கள்தான்.

அதனால், பழைய குளோனை வாங்கினால், பெரியவர் பெருவிரலால் செய்த அந்தத் தள்ளல் சோதனையைக் கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள். சேம்பரை நீங்களே பார்த்துக் காலி என்று உறுதி செய்த பிறகு, பேரலை (குழாயை) பாதுகாப்பான பக்கம் திருப்பிக்கொண்டுதான். அடுத்து, ஹாமரை இழுத்து நிறுத்தி, சேஃப்டியைப் போட்டு, டிரிகரை நன்றாக அழுத்தி விட்டுவிடுங்கள். பிறகு சேஃப்டியை எடுத்துவிட்டு, ஹாமரைக் காதருகே வைத்து மெதுவாகப் பின்னால் இழுங்கள். 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள். இடது பக்கம் சேஃப்டிக்கும், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும் சின்னக் குழலையும் ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் சேஃப்டியே மாட்டிக்கொள்ளலாம். பேரலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் மோதிரம் போல் இருட்டு வளையம் தெரிகிறதா என்று பார்க்கலாம், அது உப்பிய பேரல். இதையெல்லாம் செய்யக் கூடாது என்கிற கடையில் நிற்கவே வேண்டாம். (காலி சேம்பரில் ஸ்லைடைப் படாரென்று விட்டுக் காட்டாதீர்கள், அது மட்டும் கடைக்காரர் கோபப்படுவதற்கு நியாயமான காரணம்.)

என் தரப்புத் தப்பும் ஒன்று உண்டு. பிஸ்டலின் விலையை மட்டும் பார்த்தேன், அதற்குப் போடும் .45 தோட்டாவின் விலையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வாரம் ஒரு முறை போய் அட்டையில் ஓட்டை போடுவதற்கு 9 மி.மீ. தோட்டா போதும், இன்னும் சிக்கனம் என்றால் .22 தோட்டா. பெட்டி பெட்டியாக .45 வாங்கிய பிறகுதான் புத்தி வந்தது.

இப்போது பிஸ்டல் பெரியவரிடம் இருக்கிறது. புது ஹாமர், சியர், ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். வாரண்டியோடு புதுக் குளோன் ஒன்று வாங்கியிருக்கலாம். பணம் திரும்ப வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். தேய்ந்த அந்த ஹாமரும், எண் பொருந்தாத பெட்டியும், ரசீதும் ஒரே கவரில் இருக்கின்றன. கேட்பவர்களுக்குப் போட்டோ அனுப்புகிறேன்.