சாலமனின் திறவுகோல்: மூன்று வருடம் வைத்திருந்து சொல்கிறேன்

பைண்டிங் கடைக்காரர் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டி, "சார், இதுல சிடி ஏதாவது ஒட்டியிருந்துச்சா? காணோமே" என்றார். சிடி இல்லை அண்ணே, அது சனியின் இரண்டாவது யந்திரம். அச்சில் நடுப்பகுதி மொத்தமும் வெளிறிப்போய் வெறும் வட்டம்தான் மிச்சம்.

மூன்று வருடத்துக்கு முன் ஆன்லைனில் 299 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கிய மலிவு மறுபதிப்பு, சாலமன் ராஜா பெயரில் வழங்கும் பழைய மந்திர நூல். உள்ளே இருப்பது ஆங்கிலேய மாந்திரீகர் மேதர்ஸ் 1889இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு. மனுஷன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏழு கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, எழுதியவர்கள் சிதைத்து வைத்திருந்த ஹீப்ரு எழுத்துகளை எல்லாம் திருத்தி, 44 யந்திரங்களைப் போட்டிருக்கிறார். அத்தனையையும் எவனோ ஒருவன் ஸ்கேனரில் கோணலாக வைத்து எடுத்து மசிக்கறையாக்கிவிட்டான். திறக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அந்த இரண்டாவது யந்திரத்துக்குள் என்ன இருக்க வேண்டும் தெரியுமா? எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் ஒன்றாக வரும் சாத்தோர் என்ற லத்தீன் சொற்சதுரம், ஐந்துக்கு ஐந்து, 25 எழுத்து. அதைச் சுற்றி எழுதிய பைபிள் சங்கீத வசனமும் ஹீப்ருவில் சரியாக 25 எழுத்து என்று மேதர்ஸ் குறிப்பு வேறு எழுதியிருக்கிறார். குறிப்பு பளிச்சென்று அச்சாகியிருக்கிறது, படம்தான் இல்லை! கடைசியில் பழைய மந்திர நூல்களைப் பதிப்பிக்கும் ஜோசப் பீட்டர்சன் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கும் பதிப்பிலிருந்து பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொண்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், ஆபீஸ் தம்பி ஒருவன் கிரிமோயர், அதாவது இந்த மாதிரி மந்திர நூல்கள் எல்லாம் படிக்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்டான். இதில் வேண்டாம் தம்பி. பேனா செய்யவே ஆண் வாத்துக்குஞ்சின் வலது சிறகில் மூன்றாவது இறகு வேண்டும் என்று ஆரம்பிக்கிற நூல் இது, அதோடு சூனியம் என்று தோன்றிய ஒன்றிரண்டு பகுதிகளை மேதர்ஸே வெட்டிவிட்டார். முதலில் ஓவன் டேவிஸ் 2009இல் எழுதிய கிரிமோயர்களின் வரலாற்றைப் படி. எது எங்கே எழுதப்பட்டது, யார் எதைத் திருடி அச்சடித்தார்கள் என்பது பிடிபட்டுவிடும். அப்புறம் பீட்டர்சன் 2001இல் பதிப்பித்த சாலமனின் சிறிய திறவுகோல். அதில் பட்டியலிட்ட 72 ஆவிகளைவிட அதன் பின்கதை சுவாரசியம். வையர் என்ற மருத்துவர் 1577இல் போட்ட பேய்ப் பட்டியலில் புருஃப்லாஸ் என்று ஒருவர் உண்டு. 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் அதை ஆங்கிலத்தில் தரும்போது அவரைக் காணோம், சிறிய திறவுகோலில் அந்த 72 பேர் வரும் முதல் பகுதியான கோயட்டியாவிலும் காணோம். காப்பியடித்தவன் பார்த்து எழுதியது யாருடையதை என்று புரிகிறதல்லவா?

மதிப்பெண் கேட்டால் டேவிஸுக்கு ஐந்து, பீட்டர்சனுக்கு ஐந்து, என் மறுபதிப்புக்கு ஒன்று, அதுவும் பாவம் பார்த்து. ஆனால் டேவிஸை இரண்டு தடவை படித்ததோடு சரி, அலமாரியில் புதுசு போல இருக்கிறார். பைண்டிங் பிய்ந்தது இந்த மசிக்கறைக்குத்தான், இது இரண்டாவது தடவை. 350 ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.