பேக்கரோடு நான்கு வருடம்

நான்கு வருடமாக எங்கள் விர்ச்சுவல் மெஷின் இமேஜ்கள் (புது மெஷின்களை எழுப்ப வைத்திருக்கும் தயார் டிஸ்க் நகல்கள்) எல்லாவற்றையும், அவற்றைத் தானாகத் தயாரிக்கும் பேக்கர் என்ற கருவியில்தான் கட்டுகிறோம். அதற்கு முன்பு ஒரு உபுண்டு சர்வரைக் கையால் நிறுவி, அதையே நகலெடுத்து ஓட்டினோம். அந்தத் தாய் மெஷினுக்குள் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. அந்தப் பயம்தான் என்னைப் பேக்கர் பக்கம் தள்ளியது.

2013-ல் வெளிவந்த கருவி இது. இமேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் டெம்ப்ளேட்டை ஆரம்பத்தில் ஜேசான் வடிவில் எழுதினோம், பிறகு எச்சிஎல் வடிவுக்கு மாறினோம். ஒரு வரியை ஏன் சேர்த்தோம் என்று பக்கத்திலேயே கமெண்ட் எழுத முடிகிறதே, மாறியதற்கு அது ஒன்றே போதும்.

பேக்கர், ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பிலிருந்து வெற்று மெஷினைக் கிளப்பி, விஎன்சி என்ற தொலைத்திரை இணைப்பு வழியாக ஆள் தட்டுவது போலவே விசைகளைத் தட்டி இன்ஸ்டாலரைத் தொடங்கி வைக்கும். அப்புறம் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பில் நுழைந்து, மென்பொருள்களை நிறுவி அமைக்கும் அன்சிபிளை ஓட்டும். கடைசியில் மெஷினை அணைத்து டிஸ்க்கை இமேஜாக்கும். அடிக்கடி காலை வாருவது அந்த விசை தட்டும் இடம்தான். பில்ட் சர்வரில் சுமை கூடினால் பூட் மெனு தாமதமாக வரும், அதற்குள் தட்டிய விசைகள் வீணாகும். காத்திருக்கும் நேரத்தை 5 நொடியிலிருந்து 10 ஆக்கிய பிறகுதான் நிம்மதி.

ஆனால் எங்களை உண்மையிலேயே உலுக்கியது வேறு. ஒரே இமேஜிலிருந்து மூன்று மெஷின்களை எழுப்பினோம். மூன்றுக்கும் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் எண்) வேறு வேறு, ஐபி மட்டும் ஒன்றே! பிங் ஒரு நேரம் போகும், ஒரு நேரம் போகாது. ஸ்விட்ச், கேபிள் என்று அரை நாள் தேடினோம். காரணம் இமேஜுக்குள்ளேயே இருந்தது. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி, ஐபி முகவரி தரும் டிஎச்சிபியிடம் சொல்லும் அடையாளத்தை மெஷின்-ஐடி என்ற கோப்பில் உள்ள எண்ணிலிருந்து உருவாக்குகிறது. இமேஜை மூடும் முன் நாங்கள் அதைக் காலி செய்யவில்லை. அந்தக் கோப்பு காலியாக இருந்தால் முதல் பூட்டில் புது ஐடி தானாக வந்துவிடும். தேடிய தேடலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: சர்வர் தன்னை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளும் மூன்றிலும் ஒன்றே. பாதுகாப்புக்கு இதுதான் பெரிய ஆபத்து.

அன்றிலிருந்து ஒரு இமேஜ் தயாரானதும் அதிலிருந்து இரண்டு மெஷின்களை எழுப்பி, மெஷின்-ஐடியும் சாவியும் வேறா என்று ஸ்கிரிப்ட் ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் அந்த இமேஜ் வெளியே போகாது.

விநியோகத்தைப் பொறுத்தவரை, அமேசான் கிளவுடில் மும்பையில் கட்டி சிங்கப்பூருக்கு நகலெடுக்கப் பேக்கரிலேயே ஒரு வரி போதும். ஒவ்வொரு ரீஜனிலும் இமேஜ் ஐடி மாறும் என்பதால் அதை எந்தக் கோடிலும் நேரடியாக எழுதாதீர்கள், அமேசானின் அமைப்பு மதிப்புகளைச் சேமிக்கும் பாராமீட்டர் ஸ்டோரில் போட்டு அங்கிருந்து எடுங்கள். பழைய இமேஜை நீக்கும்போது அதன் பின்னால் இருக்கும் டிஸ்க் நகலான ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து அழிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பில் ஏறிக்கொண்டே இருக்கும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் எங்கள் சொந்த கேவிஎம் சர்வர்களுக்கு க்யூகௌ2 என்ற டிஸ்க் கோப்பும், அது கெடாமல் வந்ததா என்று பார்க்கும் செக்சம்மும் போகின்றன.

2023 ஆகஸ்டில் பேக்கரின் உரிமம் பிஎஸ்எல்லுக்கு (போட்டியான சேவையாக விற்பதைத் தடுக்கும் உரிமத்துக்கு) மாறியது. எங்களுடையது உள்பயன்பாடு என்பதால் தொடர்கிறோம்.

இப்போது ஒவ்வொரு இமேஜுக்குள்ளும் கட்டிய தேதியையும் கிட் கமிட் எண்ணையும் (டெம்ப்ளேட்டின் எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்) ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கிறோம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் ஓட்டை என்று செய்தி வந்தால், எந்தெந்த மெஷின் பழைய இமேஜில் ஓடுகிறது என்று ஒரே தேடலில் பட்டியல் கையில் இருக்கும்.