ரோமப் படைக்கோட்டை பார்க்க: செஸ்டரா, கார்லியனா?

பிரிட்டனில் ஒரு ரோமப் படைக்கோட்டைக்குத்தான் நேரம் என்றால் இந்த இரண்டில் ஒன்று. இங்கிலாந்தின் செஸ்டரில் இருந்தது ரோமின் 20ஆம் படையணி. வேல்ஸின் கார்லியனில் 2ஆம் படையணி.

செலவு: இரண்டிலும் திறந்தவெளி இடிபாடுகளுக்குக் கட்டணம் இல்லை.

போய்ச் சேர:
செஸ்டர் – ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.
கார்லியன் – நியூபோர்ட் வரை ரயில், அப்புறம் பஸ்.

வட்டரங்கு (சுற்றிலும் இருக்கைகள் கொண்ட திறந்த அரங்கு):
செஸ்டர் – பாதிதான் தோண்டியிருக்கிறார்கள். மீதி கட்டடங்களுக்கு அடியில்.
கார்லியன் – முழுசாக இருக்கிறது. கி.பி. 90 வாக்கில் கட்டியது. சுமார் 6,000 பேர் உட்காரலாம். புல் மூடிய மேட்டில் ஏறி நின்றால் ஊரே அமைதி.

படைவீரர் குடியிருப்பு: இதில் கார்லியனுக்குப் போட்டியே இல்லை. நீள நீளமான வரிசைகளின் அடித்தளம் தெரிகிறது. எட்டு பேருக்கு இரண்டே சிறிய அறைகள். வரிசையின் கோடியில் நூற்றுவர் தலைவனுக்கு மட்டும் தாராளமான வீடு. அந்தக் காலத்திலும் அதிகாரி அதிகாரிதான்!

மதில்: செஸ்டரில் ஏறக்குறைய 3 கி.மீ. சுற்றி நடக்கலாம். பெரும்பகுதி பிற்காலத்தது, சில இடங்களில்தான் ரோமக் கல்.

குழந்தைகள், கடைத்தெரு, அரை நாள் என்றால் செஸ்டர். ரோம வீரன் எப்படி வாழ்ந்தான் என்று பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், பஸ் மாறும் சிரமத்தோடு கார்லியன்.